உடனுறைந்து மொழி கற்றல்: கன்ரனும் திருகோணமலையும்

1

அயன்மொழி ஒன்றைக் கற்க விழைவோர்க்கு இன்று பெரிதும் வழங்கப்படும் அறிவுரை ஒன்றுண்டு: அம்மொழி வழங்கும் நாட்டிற்குச் செல்லுங்கள், அம்மக்களோடு உறையுங்கள், மொழி தானே வந்து சேரும் என்பதே அது. இலக்கண விதிகளையும் சொற்பட்டியல்களையும் மனனஞ் செய்விக்கும் வகுப்பறைக் கல்வியின் வரட்சியை நோக்குமிடத்து, இவ்வறிவுரை நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் அது ஓர் அடிப்படை உண்மையை மறைத்துவிடுகின்றது. ஒரு நாட்டில் உறைதல் வேறு. அந்நாட்டாரின் பேச்சினுள் இடம்பெறுதல் வேறு. முன்னையது கடவுச்சீட்டாலும் பணத்தாலும், சிலவேளை விலங்காலும், வாய்ப்பது. பின்னையதைத் தீர்மானிப்பது சமூகவுறவு.

மொழி ஒரு வர்க்கத்தின் தனியுடைமை அன்று. சமூகம் முழுமைக்கும் பொதுவானது. 1950இல் சோவியத் நாட்டில் நிகழ்ந்த மொழியியல் விவாதத்தின்போது ஸ்ராலின் வற்புறுத்திய இக்கருத்து மார்க்சியவாதிகளிடையே நன்கறியப்பட்டது. ஆனால், மொழி பொதுவானது என்பதனால் அதனை அடையும் வழிகளும் எல்லார்க்கும் பொதுவானவை என்று கொள்வது தவறாகும். மொழிக்குறி தனிமனித மனத்தினுள்ளன்றி, சமூகமாக அமைந்த மனிதர்க்கிடையே பிறக்கின்றது என 1929இல் வொலோஷினொவ் எழுதினார். அவ்வாறாயின், எந்த மனிதர்க்கிடையே, எத்தகைய உறவின் அடிப்படையில் என்ற வினாக்கள் மொழி கற்றல் பற்றிய ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை ஆகின்றன.

இவ்வினாக்களை இரு துறைமுகங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. ஒன்று, கன்ரனீஸ் மொழிக்குப் பெயர் தந்த கன்ரன். இன்றைய பெயர் குவாங்சௌ. அதன் நிழலில் வளர்ந்த ஹொங்கொங்கும் அதனோடு சேர்த்து நோக்கப்படும். மற்றையது, இக்கட்டுரையின் நோக்குநிலையாக அமையும் திருகோணமலை. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது வலிந்து செய்யும் செயலன்று. திருகோணமலைத் துறைமுகத்தின் ஒரு பகுதி சீனன்குடா எனப்படுகின்றது. பழைய கரையோர வணிகத்தில் தமிழர் செலுத்திய மரக்கலவகை ஒன்றுக்குச் சம்பான் என்பது பெயர். மூன்று பலகை எனப் பொருள்படும் தென்சீனத் தொடரொன்று மலாய் வழியாகக் கடல் கடந்து தமிழில் நிலைபெற்ற சொல் அது. மனிதர் செல்லுமுன் சொற்கள் செல்வதில்லை. ஒரு சொல்லின் பின்னால் எப்போதும் ஒரு வேலை உண்டு. அவ்வேலையைச் செய்த கைகளும் உண்டு.

2

உடனுறைந்து மொழி கற்றலுக்குத் திருகோணமலை தரும் மிகப் பழைய, மிகத் தெளிவான சான்று ஒரு சிறைப்பாடாகும். 1659இன் இறுதியில் புயலாற் சேதமுற்ற ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவை அடைந்தது. அடுத்த ஆண்டில் கண்டி மன்னனின் ஆட்கள் அதன் தலைவரையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். தலைவரின் மகனான றொபேட் நொக்ஸ் அவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் செல்லும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், இலங்கையின் சமூகவரலாற்றுக்கு இன்றும் முதன்மைச் சான்றாகும்.

நொக்ஸ் எவ்வாறு சிங்களம் கற்றார்? அவரைத் தளையிட்டு இருட்டறையில் அடைத்திருந்தால் இருபது ஆண்டுகளிலும் அவர் மொழியறிந்திரார். கைதிகள் வெவ்வேறு கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு அக்கிராமத்தார்மீது சுமத்தப்பட்டது. பின்னர் நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றார். சிறுபொருள்களைச் சுமந்து ஊரூராகச் சென்று வணிகஞ் செய்தார். விலை பேசவும், கடனைத் திருப்பிக் கேட்கவும், வழியறியவும், தப்பியோடும் எண்ணத்தை மறைக்கவும் அவருக்கு மொழி வேண்டியிருந்தது. உற்பத்தியிலும் பரிவர்த்தனையிலும் அவர் பெற்ற இடமே அவருக்கு மொழியைத் தந்தது. காலம் அதற்குத் துணைபுரிந்ததேயன்றிக் காரணமாகவில்லை.

இதன் மறுபுறத்தையும் அவருடைய தப்பியோட்டம் காட்டுகின்றது. வடக்கு நோக்கிச் செல்கையில் அநுராதபுரப் பகுதியில் அவர் எதிர்ப்பட்ட மக்கள் தமிழர். அவர் பேசிய சிங்களத்தை அவர்கள் விளங்கிக்கொள்ளவில்லை. கண்டி மன்னனுக்கே குடிகளாயிருந்தும் அரண்மனையின் மொழியை அவர்கள் அறியவேண்டிய தேவை எழவில்லை. ஒரே அரசின்கீழ் வாழ்தல் ஒரே மொழியைத் தந்துவிடுவதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

நொக்ஸின் கதை தனிமனிதர் ஒருவரின் கதை. ஒரு சமூகம் முழுவதும் மற்றொரு மொழியினுள் அமிழ்ந்தால் நிகழ்வது யாது என்பதற்கும் திருகோணமலை சான்று தருகின்றது. போர்த்துக்கேயர் 1624இல் இங்கு கோட்டை அமைத்தனர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி அகன்றும் மொழி அகலவில்லை. திருகோணமலையில் பாலையூற்றிலும், மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியரிடையே போர்த்துக்கேயக் கலப்புமொழி எமது காலம்வரை நிலைத்துள்ளது. அதன் சொற்கள் போர்த்துக்கேயம். ஆயின் வாக்கிய அமைதி பெரிதும் தமிழினது. வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமைப் பொருளைப் பெயரின் பின்னர் வரும் உருபுகள் உணர்த்தும். 'எனக்குப் பசிக்கிறது' என்பது போன்று நான்காம் வேற்றுமையை முன்னிறுத்தும் தொடர்களும் அதில் உள. இயன் சிமித் என்னும் மொழியியலாளர் 1970களில் மட்டக்களப்பு வழக்கை ஆராய்ந்து இவ்வொப்புமைகளை விளக்கினார்.

இதனை இருவழிக் கற்றல் எனலாம். பறங்கியர் தமிழைக் கற்றதோடு தம் மொழியையும் தமிழின் வார்ப்பில் மீள அமைத்துக்கொண்டனர். தமிழரோ அவர்களிடமிருந்து மேசை, கதிரை, அலமாரி, சப்பாத்து, யன்னல், பாண் முதலிய பொருட்பெயர்களைப் பெற்றனர். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் 'கந்தோர்' என்பதையும் இவற்றோடு ஒப்புநோக்கலாம். வீட்டினுள் நுழைந்த உறவு வீட்டுச் சொற்களையும், நிருவாகத்தின்வழி வந்த உறவு அலுவலகச் சொல்லையும் தந்தன. எந்தச் சொல் எந்த வாயிலால் வந்தது என்பதை நோக்கினால், எந்த மனிதர் எந்த வாயிலருகே நின்றனர் என்பது புலனாகும்.

3

இனிக் கன்ரனை நோக்குவோம். திருகோணமலையில் அயலார் உள்ளூர் மொழியைக் கட்டாயத்தாற் கற்றனர் என்றால், கன்ரனில் அயலார்க்கு உள்ளூர் மொழி தடைசெய்யப்பட்டிருந்தது. 1757 தொடக்கம் 1842இல் நான்கிங் உடன்படிக்கை கைச்சாத்தாகும்வரை ஐரோப்பியரின் கடல்வணிகம் கன்ரன் ஒன்றுக்கே வரையறுக்கப்பட்டிருந்தது. வணிகர் பருவகாலத்தில் மாத்திரம் தமக்கென ஒதுக்கப்பட்ட ஆற்றங்கரைப் பண்டகசாலைகளில் தங்கலாம். அரசின் அனுமதிபெற்ற வணிகக் குழுவினரோடு மாத்திரம் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். அவர்களுக்குச் சீனமொழி கற்பித்தல் தண்டனைக்குரியது. ஜேம்ஸ் பிளின்ற் என்பவர் இளமையிலேயே மொழி கற்பதற்கெனக் கன்ரனில் விடப்பட்டவர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனியின் மொழிபெயர்ப்பாளராய் விளங்கியவர். 1759இல் அவர் வடக்கே சென்று பேரரசருக்குச் சீனமொழியில் முறையீடு சமர்ப்பித்தார். அதன் விளைவாக அவர் மூன்றாண்டு காவலில் வைக்கப்பட்டார். அவருக்குத் துணைபுரிந்ததாகக் கொள்ளப்பட்ட சீனரோ சிரச்சேதஞ் செய்யப்பட்டார். தண்டனையின் ஏற்றத்தாழ்வு கவனிக்கத்தக்கது. மொழியைக் கற்றவர் சிறை சென்றார், கற்பித்தவர் உயிரிழந்தார்.

இத்தடையை வெறும் அயலார் வெறுப்பாகக் கொள்வது மேலோட்டமான விளக்கமாகும். மொழி அறிந்தவன் இடைத்தரகரின்றி விலை பேசுவான், அதிகாரிகளின் கையூட்டை அறிவான், மேலிடத்துக்கு முறையிடுவான். ஆகவே மொழித்தடை என்பது வணிக ஏகபோகத்தின் ஒரு கருவியாகும். தடையின் விளைவாக எழுந்தது, கன்ரனீஸ் அமைதியில் ஆங்கிலச் சொற்களைப் பெய்து பேசும் வணிகக் கலப்புமொழி. உள்ளூர்க் கடைக்காரர் ஆங்கிலச் சொற்களைச் சீன எழுத்துக்களாற் குறித்த சிறுநூல்களைக் கொண்டு அதனைப் பயின்றனர். அவ்வெழுத்துக்களைக் கன்ரனீஸ் ஒலியில் வாசித்தால்தான் ஆங்கிலம் ஓரளவு கேட்கும்.

இவ்விடைவெளியிலேயே கொம்பிரதோர் என்னும் மனிதன் வளர்ந்தான். வாங்குபவன் எனப் பொருள்படும் இப்போர்த்துக்கேயச் சொல், அயல்வணிகர்க்கு உணவு, வேலையாள், பணமாற்று, மொழி ஆகியவற்றை ஒழுங்குசெய்து கொடுக்கும் சீன முகவரைக் குறித்தது. மார்க்சிய எழுத்துக்களில் நாம் தரகு முதலாளி என வழங்கும் கருத்தின் மூலப்பெயர் இதுவே. அச்சொல்லைப் பொருளாதார வசையாக மாத்திரம் பயன்படுத்தும் எமக்கு, அதன் தோற்றத்தில் ஒரு மொழிச் சூழ்நிலை இருந்தது நினைவிற்கு வருவதில்லை. இரு தரப்பினரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருத்தலே தரகனின் மூலதனத்தில் ஒரு பகுதி.

1842இன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. தடைசெய்யப்பட்ட மொழி ஆள்வோரின் பாடமாயிற்று. றொபேட் மொறிசன் என்னும் மதகுரு 1828இலேயே கன்ரனீஸ் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டிருந்தார். 1861இல் ஹொங்கொங் அரசு இளம் பிரித்தானிய அதிகாரிகளைத் தெரிந்தெடுத்துச் சீனமொழி பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அத்திட்டத்தில் வந்தோர் கன்ரனுக்கு அனுப்பப்பட்டு, அங்கு உறைந்து மொழி பயில்வது வழக்கமாயிற்று. இன்று புதுமையான கல்விமுறையாகப் போற்றப்படும் 'வெளிநாட்டிற் சென்று உடனுறைந்து கற்றல்' என்பது, ஓர் அரசு செலவுசெய்து ஒழுங்கமைத்த திட்டமாகக் கன்ரனீஸ் மொழிக்கு அமைந்தது இவ்வாறுதான்.

மலாயாவில் இதன் அரசியற் பொருள் மேலும் தெளிவாகின்றது. 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பகம் நிறுவப்பட்டது. அதன் முதல் அதிகாரியான பிக்கரிங் சீன வழக்குகள் பலவற்றைப் பேசவல்லவர். பிற்காலத்தில் மலாயா நிருவாக சேவையின் பயிலுநருட் சிலர் கன்ரனீஸ் அல்லது ஹொக்கியன் கற்கத் தென்சீனத்துக்கும், சிலர் தமிழ் கற்கத் தென்னிந்தியாவுக்கும் அனுப்பப்பட்டனர். ஈயச் சுரங்கத் தொழிலாளரை மேய்க்க ஒரு மொழி; இறப்பர்த் தோட்டத் தொழிலாளரை மேய்க்க மற்றொரு மொழி. தமிழும் கன்ரனீசும் ஒரே அலுவலகத்தின் இரு பக்கங்களில் ஒரே நோக்கத்துக்காகக் கற்கப்பட்டன.

இலங்கைத் தோட்டங்களிலும் இதுவே நிகழ்ந்தது. புதிதாக வந்த வெள்ளைச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்பில் வெளிவந்த கையேட்டின் தலைப்பே 'இங்கே வா' என்பதாகும். தோட்டத்தில் வாழ்ந்து, நாள்தோறும் தொழிலாளரோடு பேசியே அவர்கள் தமிழ் கற்றனர், உடனுறைதலில் குறைவில்லை. ஆனால் அவர்கள் கற்ற தமிழில் ஏவல்வினை மிகுதி. மரியாதைப் பன்மை அரிது. கேட்டறியும் வினாவினும் கட்டளையிடும் சொல்லே முந்தியது. எந்த உறவினுள் நின்று ஒரு மொழி கற்கப்படுகின்றதோ அந்த உறவின் அளவே அம்மொழியிற் கைவரும்.

4

இந்நிலையில், கன்ரனீஸ் மொழியின் இயல்பைச் சிறிது நோக்குதல் தகும். வகுப்பறை தரக்கூடியது எது, உடனுறைதல் மாத்திரமே தரக்கூடியது எது என்பதை அது தெளிவாக்கும்.

முதலாவது, ஒலி. கன்ரனீசில் ஒவ்வோர் அசையும் தனக்குரிய தொனியோடு பொருள் தரும். அடிப்படைத் தொனிகள் ஆறு. 'ஸீ' என்னும் ஓரசையை உயர்ந்த சமநிலையிற் கூறினால் கவிதை. உயர்ந்தெழும் தொனியில் வரலாறு. இடைச் சமநிலையில் முயன்று பார்த்தல். தாழ்ந்திறங்கும் தொனியில் காலம். தாழ்ந்தெழும் தொனியில் சந்தை. தாழ்ந்த சமநிலையில் காரியம். சந்தைக்கு வழி கேட்கும் மாணவன் வரலாற்றுக்கு வழி கேட்டுவிடலாம். தமிழிற் குரலின் ஏற்ற இறக்கம் வினாவையும் உணர்ச்சியையும் காட்டும், சொற்பொருளை மாற்றாது. ஆதலின் தமிழ் மாணவன் தனக்குப் பழக்கமான வினாத் தொனியைச் சொல்லின்மேல் ஏற்றும்போது வாக்கியம் வினாவாவதில்லை; சொல்லே வேறாகின்றது.

இரண்டாவது, ஈற்று வல்லொலிகள். மண்டரின் இழந்துவிட்ட ஈற்றுப் பகர, தகர, ககர மெய்யொலிகளைக் கன்ரனீஸ் காத்துவந்துள்ளது. பத்து என்பது 'ஸப்', எட்டு 'பாட்', ஆறு 'லுக்'. இம்மெய்கள் வாயில் அடைபட்டு நின்றுவிடும், வெளிவிடப்படுவதில்லை. தமிழிலோ வல்லினமெய் சொல்லின் ஈற்றில் நில்லாது. குற்றியலுகரம் வந்து தாங்கும். எனவே எம்மவர் நா 'ஸப்பு', 'பாட்டு', 'லுக்கு' என்றே இயல்பாகச் செல்லும். ஓரசை ஈரசையாகும், கேட்பவர் தடுமாறுவார். தொல்காப்பியர் காலத்திலிருந்து எமது நாவில் உறைந்துள்ள விதி ஹொங்கொங் சந்தையிலும் எம்மை விடுவதில்லை. மறுபுறம், எமது நெடுங்கணக்கில் இருந்தும் எமது பேச்சிற் சொன்முதலாக வராத ஙகரம் கன்ரனீசில் இயல்பாகச் சொன்முதலில் வரும். 'நான்' என்பதே அங்கு 'ஙோ'. வினைமுற்றில் திணை, பால், எண் காட்டும் விகுதிகளும் அங்கில்லை. ஆனால் வாக்கிய ஈற்றில் நின்று ஐயம், வற்புறுத்தல், நட்பு, சலிப்பு ஆகியவற்றை உணர்த்தும் இடைச்சொற்கள் பல உள. ஏகாரம், ஓகாரம், 'தான்' ஆகியவற்றின் நுட்பத்தை அறிந்த தமிழ் மாணவனுக்கு அவை முற்றிலும் அந்நியமாகா.

மூன்றாவது, எமக்கு மிக நெருக்கமானது: பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான பிளவு. ஹொங்கொங்கின் பாடநூலும் செய்தித்தாளும் பெரிதும் மண்டரின் அடிப்படையிலான பொது எழுத்துமொழியில் அமைந்தவை. அவற்றை வாசிப்போர் கன்ரனீஸ் ஒலியில் வாசிப்பர். ஆயின் அவ்வாறு வாசிக்கப்படுவது எவரும் வீட்டிற் பேசும் மொழியன்று. 'ஆகும்' என்ற பொருளில் எழுத்தில் 'ஸீ', பேச்சில் 'ஹாய்'. எதிர்மறைக்கு எழுத்தில் 'பட்'; பேச்சில் வாய்மூடிய 'ம்'. செந்தமிழில் எழுதிக் கொடுந்தமிழிற் பேசும் எமக்கு இது வியப்பன்று. ஆங்கில மாணவன் இதனைக் குழப்பமாகக் காண்பான். தமிழ் மாணவனோ தன் வீட்டையே மீண்டும் காண்பான்.

இவற்றுள் தொனிகளையும் ஈற்றொலிகளையும் எழுத்துமொழியையும் வகுப்பறை கற்பிக்கலாம். முறையாகக் கற்பித்தால் உடனுறைதலினும் விரைவாகவே கற்பிக்கும். 1993இல் ஹொங்கொங் மொழியியற் கழகம் வகுத்த உரோம எழுத்துமுறை இதற்குப் பெருந்துணை. ஆனால் எந்த இடைச்சொல்லை யாரிடம் சொல்லலாம், எப்போது எழுத்துமொழிச் சொல் நகைப்புக்கிடமாகும், எப்போது பேச்சுச்சொல் அவமதிப்பாகும் என்பனவற்றை மக்களே கற்பிக்க முடியும். அதற்கு அம்மக்கள் மாணவனோடு அம்மொழியிற் பேச ஒருப்படல் வேண்டும். சிக்கல் தொடங்குவது இவ்விடத்திலேதான்.

5

ஹொங்கொங்கில் 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 விழுக்காட்டினரின் வழக்கமான பேச்சுமொழி கன்ரனீஸ். 1974இல் ஆங்கிலத்தோடு சீனமும் அங்கு ஆட்சிமொழியாயிற்று. 1963இல் நிறுவப்பட்ட, இன்று ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யேல்-சீன மொழிநிலையம் வெளிநாட்டு மாணவர் பலருக்குக் கன்ரனீஸ் கற்பித்துள்ளது. அமெரிக்கர் சீனப் பெருநிலத்திற் கால்வைக்க முடியாதிருந்த பனிப்போர்க் காலத்தில் அது தோன்றியமை, மொழிக் கல்வியின் அரசியற் பின்னணிக்கு மேலும் ஒரு சான்று.

அத்தகைய நகரில் உறைவோரெல்லாம் கன்ரனீஸ் அறிவரா? அங்கு பல ஆண்டுகள் வாழ்ந்தும் நூறு சொற்களைக் கடவாத ஐரோப்பிய வங்கியாளரும் நிறுவன முகாமையாளரும் பலர். அவர்களுடைய அலுவலகம், விடுதி, பிள்ளைகளின் பாடசாலை யாவும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. அவர்கள் வாய்தவறிக் கன்ரனீசில் ஒரு சொல்லைக் கூறினும் எதிரிலிருப்பவர் ஆங்கிலத்திலேயே மறுமொழி தருவார். அதிகாரமுடையவனை நோக்கி மொழி தானே நடந்து வருகின்றது. அவன் மொழியை நோக்கி நடக்கவேண்டியதில்லை. குறுகிய காலப் பரிமாற்றத் திட்டங்களிற் சென்று, சக வெளிநாட்டாரோடு ஆங்கிலத்தில் வாழ்ந்து திரும்பும் பல்கலைக்கழக மாணவரின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

இதற்கு எதிர்முனையில் இந்தோனேசியாவிலிருந்து வரும் வீட்டுப் பணிப்பெண்கள் உள்ளனர். புறப்படுமுன்னரே பயிற்சி நிலையங்களில் தங்கி அடிப்படைக் கன்ரனீஸ் கற்று வரும் இவர்கள், முதியோரைப் பராமரித்தும் சந்தையிற் பேரம்பேசியும் சில ஆண்டுகளுள் சரளமாகப் பேசுகின்றனர். பட்டம் பெறச் சென்றோரினும் பாத்திரம் துலக்கச் சென்றோர் மொழியை நன்கறிகின்றனர். ஆயினும் அவர்கள் பெறுவது பெரும்பாலும் செவியின் மொழி மாத்திரமே. ஒப்பந்தத்தையும் சட்ட அறிவித்தலையும் வாசிக்கும் எழுத்துமொழி அவர்களுக்கு எட்டுவதில்லை.

ஹொங்கொங்கில் வளரும் தெற்காசியத் தொழிலாளரின் பிள்ளைகளும் இவ்வாறே தெருவிற் கன்ரனீஸ் பேசினர். ஆனால் சீன எழுத்தின்றிப் பல்கலைக்கழகமும் அரசுத்தொழிலும் அவர்களுக்கு எட்டாதிருந்தன. நீண்டகாலமாக அவர்களுட் பெரும்பாலோர் தமக்கென ஒதுக்கப்பட்ட பாடசாலைகளிற் பயின்றனர். அவ்வேற்பாடு 2013இல் முறைப்படி கைவிடப்பட்டு, 2014இல் சீனத்தை இரண்டாம்மொழியாகக் கற்பதற்கான பாடச்சட்டகம் கொண்டுவரப்பட்டது. பேச்சும் எழுத்தும் பிளவுண்ட மொழிகளில், உடனுறைதல் பேச்சைத் தரும். எழுத்தைத் தருவது பாடசாலையே. பாடசாலை மறுக்கப்பட்டவர்க்கு மொழியின் பாதி மறுக்கப்பட்டதாகும்.

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து மூன்று நிபந்தனைகளை வகுக்கலாம். உடனுறைந்து மொழி கற்பதற்கு, முதலாவதாகக் கற்பவனுக்கு அம்மொழி தேவைப்படும் ஒரு தொழில் அல்லது கடமை அச்சமூகத்தினுள் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, அச்சமூகத்தார் அவனோடு அம்மொழியிற் பேச விரும்புதல் வேண்டும். மூன்றாவதாக, விளங்காதபோது 'மீண்டும் சொல்லுங்கள்' என்று அஞ்சாது கேட்கும் உரிமை அவனுக்கு வேண்டும். வங்கியாளனிடம் முதலாவது இல்லை. சின்னத்துரைக்கு மூன்றாவது தேவைப்படவேயில்லை. விளங்காமைக்குரிய தண்டனை மற்றவன்மீது விழுந்தது. பணிப்பெண்ணிடம் முதலிரண்டும் உள, மூன்றாவதே அரிது.

6

மூன்றாவது நிபந்தனை இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதைத் திருகோணமலை மாவட்டம் வேதனையோடு அறியும். நொக்ஸ் சிறைப்பட்ட அதே கொட்டியாரக் குடாவின் கரையில் மூதூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த றிஸானா நபீக் 2005இல் வீட்டுப் பணிக்காகச் சவூதி அரேபியா சென்றார். சென்ற சில வாரங்களுள் அவரது பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டு 2007இல் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அவரது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதியுடையவரா என்பது அவ்வழக்கைப் பற்றி எழுப்பப்பட்ட பெருங் கேள்விகளுள் ஒன்று. குழந்தைக்குப் பாலூட்டுகையில் மூச்சடைத்தது என்பதே அவர் பின்னர் கூறியது. தமிழ் மாத்திரம் அறிந்த ஓரிளம்பெண், அறபு மாத்திரம் வழங்கும் விசாரணையில், இடையில் நின்ற ஒருவரின் மொழியறிவில் தன் உயிரை வைக்கவேண்டியிருந்தது.

உடனுறைதலின் பெருமையைப் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பெண்கள், பல்கலைக்கழக மாணவர் எவரும் பெறாத அளவுக்கு அந்நிய மொழியினுள் முழுமையாக அமிழ்த்தப்பட்டவர்கள். நொக்ஸுக்குக் கிராமம் இருந்தது. தொப்பி வாங்க வந்தவர்கள் இருந்தனர். மூடிய வீட்டினுள் இருப்பவளுக்குக் கட்டளையிடுவோர் மாத்திரமே உரையாடுவோர். மொழி கற்கும் காலம் அவளுக்கு அளிக்கப்படுவதில்லை. கற்குமுன் நேரும் தவறுக்கு மன்னிப்பும் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கெனச் செல்வோர்க்குப் புறப்படுமுன் முறையான மொழிப்பயிற்சியும், நீதிமன்றிலும் காவல் நிலையத்திலும் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமென்பது தொழிலாளர் உரிமைக் கோரிக்கை. அதனை வெறும் கல்விக் கோரிக்கையாக ஒதுக்கிவிட முடியாது.

7

இறுதியாகத் திருகோணமலை நகரத்துக்கே திரும்புவோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் பெருந்தொகையாக வாழும், எவரும் தனிப்பெரும்பான்மை வகிக்காத மாவட்டம் இது. உடனுறைந்து மொழி கற்பதற்கு இதனினும் வாய்ப்பான இடம் இலங்கையில் அரிது. கற்போர் கடல்கடக்க வேண்டியதில்லை. வீதியைக் கடந்தாற் போதும். எனினும் கற்றல் பெரிதும் ஒருவழிப்பட்டதாகவே நிகழ்ந்துள்ளது. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தமிழ்பேசுவோர்க்குச் சிங்களத்தைத் தொழிலின் நிபந்தனையாக்கிற்று. சிங்களவர்க்குத் தமிழ் அவ்வாறு ஆகவில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தாலும் 1988இல் பதினாறாம் திருத்தத்தாலும் தமிழ் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 2007 முதல் அரசசேவையில் புதிதாகச் சேர்வோர் இரண்டாம் ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமென விதிக்கப்பட்டது. சட்டம் மாறியும், மொழிவாரியாகப் பிரிந்த பாடசாலைகளும் போர்க்காலத்தின் அச்சமும் ஒருவர் பேச்சினுள் மற்றவர் நுழையும் வாயில்களைக் குறுக்கிவிட்டன.

1914இல் கட்டாய அரசகரும மொழியைப் பற்றி எழுதுகையில் லெனின் வைத்த வாதம் இங்கு பொருத்தமுடையது: பொருளியல் வாழ்க்கையின் தேவைகள் மக்களைப் பொதுமொழிகளை நோக்கி இயல்பாகவே ஈர்க்கும்; வற்புறுத்தல் அவ்வீர்ப்பைக் கெடுத்து, மொழியின்மீதே வெறுப்பை விளைக்கும். இவ்வளவுகோலைச் சோசலிச நாடுகளுக்கும் பொருத்திப் பார்க்கத் தயங்கலாகாது. 2010 ஜூலையில் குவாங்சௌ நகரத் தொலைக்காட்சியின் கன்ரனீஸ் ஒளிபரப்பைப் பொதுச்சீன மொழிக்கு மாற்றும் முன்மொழிவுக்கு எதிராக மக்கள் வீதியில் திரண்டனர். கன்ரனின் மொழி ஒருகாலத்தில் அயலார்க்குத் தடைசெய்யப்பட்டது. இன்று அதன் மக்களே தம் பொதுவாழ்வில் அதற்கு இடம்கோர வேண்டியுள்ளது. தமிழ்பேசும் எமக்கு இவ்வுணர்வை விளக்கவேண்டியதில்லை.

இன்று எம் மாணவர் சீனம் கற்க விழைகின்றனர். சீனப் புலமைப்பரிசில்களும் சீன முதலீடுகளும் அவ்விழைவைத் தூண்டுகின்றன. பெரும்பாலோர் கற்பது மண்டரின், சிலர் விரும்புவது கன்ரனீஸ். இதனை வரவேற்க வேண்டும். ஆயின் எவ்வுறவினுட் சென்று கற்கின்றோம் என்ற வினாவை உடன்கொண்டு செல்லல் வேண்டும். ஒப்பந்தங்களுக்கு இடையில் நின்று, இருபுறத்தின் அறியாமையிலும் இலாபம் காணும் தரகனாவதற்கும் மொழி உதவும். இருபுறத்து உழைப்போரும் ஒருவரையொருவர் நேராக அறிவதற்கும் மொழி உதவும். முன்னையவனுக்கு மற்றவர் மொழியறியாதிருத்தல் ஆதாயம். பின்னையோன் தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பிப்பான். கன்ரனில் 1759இல் உயிரிழந்த அச்சீனர் தண்டிக்கப்பட்டது இத்தகைய ஒரு செயலுக்காகவே.

மொழியைத் தருவது தூரமோ காலமோ அன்று, சமத்துவமான உறவே. அவ்வுறவில்லாதவிடத்து இருபது ஆண்டு உறைந்தும் 'இங்கே வா' என்ற அளவே எஞ்சும். அவ்வுறவு உள்ளவிடத்து, குவாங்சௌ செல்ல இயலாத மாணவனும் தன் துறைமுக வீதியின் எதிர்ப்புறத்திலேயே தன் முதற்பாடத்தைத் தொடங்கலாம். சீனன்குடாவுக்கு அப்பாலுள்ள மொழியைக் கற்கப் புறப்படும் எவர்க்கும், அடுத்த வீட்டாரின் மொழி முன்பயிற்சியாக அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.